417-ஆம் எண் ஓட்டக்காரர் எல்லைக்கோட்டைக் கடந்தது பற்றி

‘2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை, ஏரியின் வடகரைச் சாலையில் நடந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை முழுவதும் ஓடி, எல்லைக்கோட்டைத் தன் இரு கால்களால் கடந்த 417-ஆம் எண் ஓட்டக்காரரை, இரண்டு நாள் கழித்து வெளியிட்ட பட்டியலில் “முடிக்கவில்லை” என்று பதிந்தது ஓட்டக் குழு செய்த குற்றம்.’

உம்சுனாய் ஜூன் 9 அன்று எழுதிய கடிதத்தின் முதல் வாக்கியம் இது. அதைப் படித்துப் பார்த்த அவள் கணவர் சபிர், ‘குற்றம்’ என்பது கொஞ்சம் அதிகம், ‘தவறு’ என்று போடலாமே என்றார்.

“தவறுன்னா சொன்ன உடனே திருத்துவாங்க. நான் சொல்லி மூணு வாரம் ஆச்சு,” என்றாள் உம்சுனாய். சொல் அப்படியே நின்றது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இசிக்-குல் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவது வேலை. படகுத்துறையின் முனையில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இரும்பு அளவுகோலைக் காலை எட்டு மணிக்கு ஒரு முறையும் மாலை எட்டு மணிக்கு ஒரு முறையும் பார்த்து, எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தொடக்கத்தில் அவள் அந்த நிலையத்தைப் பெருக்கித் துடைக்க வந்தவள். 2004-இல் அளவு பார்த்துக்கொண்டிருந்தவர் ருஷ்யாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த ருஷ்ய மொழிக் கையேட்டை அகராதியின் துணையோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்து, அதன் வெற்றுப் பக்கங்களில் தன் கேள்விகளைப் பென்சிலால் எழுதி, வசந்தத்தில் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டில்தான் அலுவலகம் அதை ஆணையாக அனுப்பியது. அந்த ஆணை அவளிடம் இருக்கிறது.

இன்னொரு தாளும் இருக்கிறது. 2011 டிசம்பரில் மூன்று நாள் அடித்த காற்றில் அலைத்துளிகள் அளவுகோலின் மேல் உறைந்து எண்ணை மறைத்துவிட்டன. மூன்று நாளும் அவள் ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். முந்தைய நாளுக்கும் பிந்தைய நாளுக்கும் நடுவே ஒரு எண்ணைப் போட்டு நிரப்பும்படி அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். நான் பார்க்காத எண்ணை எப்படி எழுதுவது என்று அவள் கேட்டாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் அட்டையில் கோத்து வைத்துவிட்டு, அதற்கடுத்த குளிர்காலங்களில் ஒரு கெண்டி வெந்நீரைக் கையோடு கொண்டு போனாள்.

அவள் ஓட ஆரம்பித்ததும் இந்த வேலையால்தான். படகுத்துறை வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். 2016 இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த வேன் நின்றுபோனது. நடந்தால் நாற்பது நிமிடம். ஒரு நாள் காலையில் மாடு கன்று போட்டது. கன்றைத் துடைத்து எழுப்பிவிட்டு மணி பார்த்தபோது ஏழு முப்பத்தாறு. உம்சுனாய் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஏழு ஐம்பத்தெட்டுக்கு அளவுகோலின் முன்னால் நின்றாள். மூச்சு அடங்க எட்டு மணி ஆயிற்று. எண் எழுதினாள். அன்று திரும்பும் வழியில், யாரும் காத்திராதபோதும், மறுபடி ஓடினாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய அன்றைய குறிப்பில் ‘திரும்பியது: 23 நிமிடம்’ என்று மட்டும் இருக்கிறது.

அந்தக் கரையில் ஒரு பெண் காரணமில்லாமல் சாலையில் ஓடினால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். முதல் சில மாதங்கள் போகிற வண்டியெல்லாம் நின்றது.

“யாருக்கு என்ன ஆச்சு? ஏறுங்க, கொண்டு விடறேன்.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க போங்க.”

“அப்புறம் ஏன் ஓடறீங்க?”

“எட்டு மணிக்கு.”

மெல்ல மெல்ல வண்டிகள் நிற்பதை விட்டன. ஓட்டுநர்கள் அவளைப் பார்த்து நேரம் சரிசெய்துகொள்ளத் தொடங்கினார்கள்.

ஆனால் அவளுடைய கால்களைப் பற்றி வீட்டில் ஒரு கேலி இருந்தது. அங்கே குழந்தை முதல் அடி வைத்ததும், கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் அதன் இரு கால்களையும் சேர்த்துக் கட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகளை ஓட்டப்பந்தயம் விடுவார்கள். முதலில் ஓடி வருகிறவர் கத்தியால் அந்தக் கயிற்றை அறுக்க வேண்டும். அதன் பிறகு குழந்தை தடுக்காமல் நடக்கும். உம்சுனாய் முதல் அடி வைத்தபோது அவள் தகப்பனார் மலை மேய்ச்சலில் ஆடுகளோடு இருந்தார். அவர் இறங்கி வந்தபோது தாய் படுக்கையில் கிடந்தாள். கயிறு கட்டவும் இல்லை, அறுக்கவும் இல்லை. இந்தச் செய்தி கலியாணத்தோடு கூடவே புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவள் வாசல்படியில் தடுக்கினாலும், தட்டைக் கீழே போட்டாலும், சபிரின் தங்கை ஜிபார் எங்கிருந்தாவது குரல் கொடுப்பாள்: “கயிறு அறுக்காத காலு!” இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

2022 மே மாதத்தில் முதல் முறையாகச் சாலை ஓட்டம் படகுத்துறையைக் கடந்து போனது. உம்சுனாய் காலை அளவை முடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தாள். முதலில் போனவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வேறு இனம். கடைசியில் வந்தவர்களைத்தான் அவள் கவனித்தாள். கைக்கடிகாரத்தை வைத்து இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே அவர்களுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டாள். அவளைவிட மெதுவாகப் போனவர்கள் பதினொரு பேர். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை டிசம்பரில் நிரப்பினாள், நகலும் எடுத்துக்கொண்டாள்.

ஓட்ட நாளன்று காலை அளவைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். பதிவேட்டில் அவர் பெயரே இருக்கிறது. எட்டு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. ஒவ்வொருவர் கணுக்காலிலும் ஒரு கறுப்புப் பட்டை. அதற்குள் பொத்தான் அளவுக்குச் சிப். சாலையின் குறுக்கே போட்ட பாய்களை மிதிக்கும்போது அந்தச் சிப் நேரத்தைச் சொல்லும். உம்சுனாய் பாதித் தொலைவில் இருந்த பாயை இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடத்தில் மிதித்தாள். முப்பத்தைந்தாம் கிலோமீட்டர்ப் பாயை நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் மிதித்தாள். இரண்டும் ஓட்டக் குழுவின் பட்டியலிலேயே இருக்கின்றன.

முப்பத்தைந்துக்குப் பிறகு நடந்ததை அவள் வீட்டில் யாரிடமும் விரிவாகச் சொல்லவில்லை. தொடை கல்லாகியது. இடது காலின் இரண்டு விரல்கள் தன்னுடையவை என்ற உணர்வு போயிற்று. ஏரி வலப்பக்கத்தில் கூடவே வந்துகொண்டிருந்தது; பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அதன் மட்டம் என்ன என்று அவளுக்குக் கவலை இல்லை. முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில், தான் நின்றுவிட்டால் அதை எழுத வேண்டியவளும் தானே என்று தோன்றியது. அதை எழுத விரும்பாததால் ஓடினாள்.

கடைசித் திருப்பத்திலிருந்து எல்லைக்கோடு தெரிந்தது. மேலே பெரிய கடிகாரம். இன்னும் நாற்பது மீட்டர். அப்போது தடுப்புக் கயிற்றுக்குக் கீழே புகுந்து ஜிபார் சாலைக்குள் வந்தாள்.

“நில்லுங்க அண்ணி! ஒரு நிமிஷம்!”

“தள்ளு ஜிபார், ஓடறேன்ல!”

“ஓடறதத்தான் பாத்தேனே. எங்க நொண்டி ஆடு இத விட வேகமாப் போகும். காலைச் சேத்து வைங்க.”

ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிய ஒருவரை நிறுத்த அதிக பலம் தேவையில்லை. ஜிபார் குனிந்து, கறுப்பு வெள்ளைக் கயிற்றை இரு கணுக்கால்களிலும் எட்டு வடிவில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். அண்டை வீட்டுப் பெண்கள் நான்கு பேர் கைதட்டினார்கள்.

“அம்பத்திரண்டு வயசுல நடக்கக் கத்துக்கிட்ட குழந்தைய யாராச்சும் பாத்திருக்கீங்களா? பாத்துக்குங்க!” என்று ஜிபார் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். பிறகு ஓடியவர்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த பலாவ் அண்டாவின் பக்கம் திரும்பினாள். அங்கே காலையிலேயே ஓட்டத்தை முதலாவதாக முடித்த குத்மான் என்ற இளைஞன், பரிசளிப்புக்குக் காத்துக்கொண்டு, தட்டும் கையுமாக நின்றிருந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“வேகமா ஓடறவன்தான் அறுக்கணும். இன்னிக்கு இவனை விட வேகமா யார் இருக்கா? அறுப்பா!”

குத்மான் தட்டை ஜிபாரிடம் கொடுத்தான். இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தவரின் கத்தியை வாங்கினான். மண்டியிட்டு, கயிற்றோடு கீழே இருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்தான்.

“கல்லு தடுக்காம ஓடுங்க அக்கா,” என்று முறைப்படி வாழ்த்தினான்.

உம்சுனாய் கயிற்றைப் பார்க்கவில்லை; ஜிபாரையும் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்பது மீட்டரை ஓடினாள். கோட்டின் மேல் வலது கால் விழுந்தபோது அது ஐந்து மணி, இருபத்தொரு நிமிடம், எட்டு நொடி என்று காட்டியது. எழுதும்வரை மறக்கக் கூடாது என்பதற்காக, அளவுகோலைப் படித்த பிறகு செய்வதுபோலவே, அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சிப்புகளைக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்த பெண் அவள் காலைப் பார்த்தாள்.

“சிப் எங்க அக்கா?”

“கால்ல.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். புழுதி படியாத ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கணுக்காலைச் சுற்றி இருந்தது.

“சரி, எங்கயாச்சும் விழுந்திருக்கும். போங்க போங்க, பின்னால ஆளு வருது,” என்று சொல்லிக் கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டாள்.

ஓட்டத்தை முடித்தவர்கள் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், தரையில் விழுந்து முத்தமிடுவார்கள் என்று உம்சுனாய் கேள்விப்பட்டிருந்தாள். சுற்றிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு எதுவும் வரவில்லை. தேநீர் வேண்டும் என்று இருந்தது. உப்பு வேண்டும் என்று இருந்தது. கரைக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தாள். காலணியைக் கழற்ற முடியவில்லை. முதுகு குனிய மறுத்தது. ஓராண்டாக ‘இந்த வயசுல எதுக்கு’ என்று கேட்டுக்கொண்டிருந்த சபிர் வந்து, முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். காலுறையை உருவினார். இரண்டு நகங்கள் கறுத்திருந்தன.

“இதுக்கா?” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. ஆனால் அது மகிழ்ச்சிதானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வர வேண்டியது இன்னும் வரவில்லை, வழியில் இருக்கிறது என்றே எண்ணினாள். மறுநாள் காலை, படகுத்துறைப் படிகளில் முன்பக்கமாக இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்கி, எட்டு மணி எண்ணை எழுதினாள். எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, “இன்னும் தெரியல. பட்டியல் வரட்டும்,” என்றாள்.

பட்டியல் செவ்வாய்க்கிழமை ஜிபாரின் கைப்பேசியில் வந்தது. முடித்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஏழு பேர். ஏழில் நான்காவது: 417, உம்சுனாய், முடிக்கவில்லை.

ஜிபார் எழுந்து போய், பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக் பொட்டலத்தோடு எடுத்து வைத்திருந்த அறுந்த கயிற்றைக் கொண்டுவந்தாள். நல்லது நடக்கட்டும் என்று தலையணைக்கு அடியில் வைக்கத்தான் எடுத்து வைத்திருந்தாள். கயிற்றைப் பிரித்தபோது உள்ளே கறுப்புப் பட்டை இருந்தது, சிப்பும் இருந்தது.

சபிர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“கயிறுலயும் கறுப்பு, பட்டையும் கறுப்பு. அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார் சபிர்.

“நான் வேணா இத எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பாய் மேல போட்டுட்டு வந்துடறேன்,” என்றாள் ஜிபார்.

“பாயைச் சுருட்டிக்கிட்டுப் போய் ரெண்டு நாள் ஆச்சு,” என்றாள் உம்சுனாய். பட்டையை ஓர் உறையில் போட்டு, தேதியிட்டு ஒட்டினாள். அதன் பிறகு ஆறு நாள் அவள் வேலைக்கு ஓடவில்லை, நடந்தாள். கால் வலி என்று நினைத்தார்கள். கால் வலி மூன்றாம் நாளே போய்விட்டிருந்தது.

மே 19 அன்று முதல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. ஜூன் 7 அன்று ஓட்டக் குழுவிலிருந்து தால்காத் என்பவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கனிவு இருந்தது.

“அக்கா, பதக்கந்தான் வாங்கிட்டீங்களே. அப்புறம் என்ன?”

“பதக்கம் சுவத்துல தொங்குது. பட்டியல்ல நான் முடிக்கல. ரெண்டுல எது பொய்?”

“சரி. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, சிப் வேலை செய்யலன்னு. கடிகாரத்துப் படத்துல இருந்து நேரத்த எடுத்துப் போட்டுடறோம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்.”

“சிப் வேலை செஞ்சுது. முப்பத்தஞ்சு வரைக்கும் நேரம் இருக்கே.”

“அதுக்கப்புறம் வேலை செய்யலன்னு எழுதுங்க.”

“அதுக்கப்புறமும் செஞ்சிருக்கும். என் கால்ல இல்ல, அவ்வளவுதான்.”

“பின்ன எங்க இருந்துது?”

உம்சுனாய் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு; பிறகு அறையிலிருந்த மற்றவர்களுக்கு அவர் அதைத் திருப்பிச் சொல்வதும் அவர்கள் சிரிப்பதும் கேட்டன. அவள் காத்திருந்தாள்.

“அக்கா,” என்றார் தால்காத், மூச்சை இழுத்துக்கொண்டு, “இத மட்டும் எழுத்துல குடுத்துடாதீங்க. வெளியாள் பாதைக்குள்ள வந்து ஓடறவங்களத் தொட்டா தகுதி நீக்கம். விதி பதினேழு. முடிக்கலங்கறத விட அது மோசம். உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“எழுத்துல வரும்,” என்றாள் உம்சுனாய்.

அன்று மாலை தேநீர் வேளையில் ஜிபார் அவளிடம் மன்றாடினாள்.

“நாலு வார்த்தை பொய், அண்ணி. நான் ரோட்டோரத்துல விக்கற மீனெல்லாம் இன்னிக்குக் காலையில புகை போட்டதுன்னு சொல்றேன். எந்தக் காலைன்னு இதுவரைக்கும் ஒருத்தராச்சும் கேட்டாங்களா?”

“நான் கேட்டிருக்கேன்.”

“நீங்க கேப்பீங்க. அதான் உங்களுக்கு விக்கறதில்ல.” பிறகு தணிந்த குரலில், “என்னாலதானே இது? அதான் தூக்கம் வரல,” என்றாள்.

“அப்ப எழுதிக் குடு. நீதான் கட்டினேன்னு.”

“என்னையே குற்றவாளி ஆக்கறீங்களே!”

“நீ குற்றவாளி இல்ல. சாட்சி. தேதியப் போடு.”

ஜிபார் எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாள் உம்சுனாய் இரண்டு வேன் மாறி குத்மானைத் தேடிப் போனாள். அவன் ஒரு பழுதுபார்ப்புக் கடையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தான். தான் அறுத்தது எது என்று தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

“அக்கா, நான் அதப் பாக்கவே இல்ல. என் நேரத்துல பாதிய வேணா எடுத்துக்குங்க.”

“உன் நேரம் எனக்கெதுக்கு? பாத்தத எழுது.”

அவன் கையைத் துடைத்துவிட்டு எழுதினான். ‘நான் அறுத்த பிறகு இவர் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்ததைக் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதி, எண்ணெய்க் கறையோடு கையெழுத்திட்டான்.

ஜூன் 9, வெள்ளிக்கிழமை, காலை அளவை எழுதிவிட்டு வந்து உம்சுனாய் கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். புகைப்படக்காரர் எடுத்த படம் முன்னால் இருந்தது: கடிகாரம், கோடு, கோட்டின் மேல் வெறுங்கணுக்காலோடு ஒரு கால். இணைப்புகளைக் குறிப்பிட்ட பிறகு, ‘மதியம் ஒரு மணி இருபத்தொரு நிமிடம் எட்டு நொடிக்கு நான் கோட்டைக் கடந்தேன்’ என்று எழுதினாள். எழுதிய வரியைப் படித்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். ஓட்டத்தன்று வராதது இருபத்தாறு நாள் தாமதமாக வந்துகொண்டிருந்தது. தொடையிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. சமையலறையிலிருந்து சபிர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அது முழுவதும் கடந்து போகும்வரை அவள் அசையாமல் இருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து கடைசிப் பத்தியை எழுதினாள்:

‘எனக்கு நேரம் தேவையில்லை, அதை நான் பார்த்தேன், என் குறிப்பில் இருக்கிறது. “முடித்தார், நேரம் பதிவாகவில்லை” என்று எழுதுங்கள். விதி அதற்கு இடம் தராவிட்டால், விதி பதினேழின்படி தகுதி நீக்கம் செய்யப்பட்டார் என்று எழுதுங்கள். அதற்கு எதிராக நான் மேற்கொண்டு புகார் செய்யமாட்டேன். எல்லைக்கோட்டுக்கு நாற்பது மீட்டர் முன்னால் விதியை மீறியவர் அந்த இடம்வரை வந்திருக்க வேண்டும். “முடிக்கவில்லை” என்பதை மட்டும் ஏற்க இயலாது. அதையே நிலைநிறுத்துவதானால், முப்பத்தைந்தாம் கிலோமீட்டருக்குப் பிறகு நான் எங்கே நின்றேன், அதைப் பார்த்தவர் யார் என்பதைத் தெரிவிக்க வேண்டும். இணைப்பு: கடிகாரத்துடன் கூடிய படம் ஒன்று, சாட்சிக் கையெழுத்துகள் இரண்டு, அறுந்த பட்டை சிப்புடன் ஒன்று. பட்டைக்கு ரசீது தர வேண்டும். தொலைபேசியில் சொல்வதைப் பதிலாகக் கொள்ளமாட்டேன். பொறுப்பானவரின் பெயர், கையெழுத்து, தேதி, கடித எண் ஆகியவற்றுடன் பத்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரக் கோருகிறேன்.’